வெளிநாட்டு அரசு வர்த்தக அலுவலகத்தில் இன்டர்ன்ஷிப்: புனே மாணவர்களுக்கு உண்மையில் எந்தக் கதவு திறந்திருக்கு?

புனேயில் இன்டர்நேஷனல் பிசினஸ் படிக்கிற மாணவர்களிடம் கோடை இன்டர்ன்ஷிப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு ஆசை கண்டிப்பாக வரும். ஃபிராங்ஃபர்ட்டிலோ டோக்கியோவிலோ ஓர் அரசு வர்த்தக அலுவலகத்தில் இரண்டு மாதம் உட்கார்ந்து வேலை கற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் அது. ரெஸ்யூமேயில் பார்க்க நன்றாக இருக்கும். ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை தேடும்போது மதிப்பும் கூடும்.

ஆசையில் தப்பில்லை. ஆனால் அந்தக் கதவு யாருக்குத் திறக்கும், யார் பணத்தில் திறக்கும் என்று கேட்காமலேயே பல குடும்பங்கள் லட்சக்கணக்கில் செலவுக்குத் தயாராகிவிடுகின்றன. திருப்பூரிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ கல்விக் கடன் வாங்கி புனேக்கு வந்து படிக்கிற ஒரு மாணவருக்கு அது இரண்டாவது கடன். எனவே முதலிலிருந்தே பார்த்துவிடுவோம்.

இந்த வர்த்தக அலுவலகங்கள் என்ன செய்கின்றன?

ஒரு நாடு தன் சரக்கை வெளிநாட்டில் விற்க உதவுவதற்காக அரசே நடத்தும் அலுவலகங்கள் இவை. ஜப்பானுக்கு ஜெட்ரோ (1958), தென் கொரியாவுக்கு கோட்ரா (1962), ஆஸ்திரேலியாவுக்கு ஆஸ்ட்ரேட் (1986) இருக்கின்றன. பிரான்ஸில் இரண்டு அமைப்புகளை இணைத்து 2015-ல் பிசினஸ் பிரான்ஸ் உருவானது. இந்த நாலுக்கும் மும்பையில் அலுவலகம் உண்டு. ஜெட்ரோவும் கோட்ராவும் சென்னையிலும் இருக்கின்றன.

இந்தியாவின் ஏற்பாடு கொஞ்சம் வேற மாதிரி. வெளிநாடுகளில் இந்த வேலையைப் பெரும்பாலும் தூதரகங்களின் வணிகப் பிரிவுகளே பார்க்கின்றன. உள்நாட்டில் வர்த்தக அமைச்சகத்தின் கீழ் டெல்லியில் ஐடிபிஓ இருக்கு. 1992-ல் உருவான இந்த அமைப்புதான் பிரகதி மைதானக் கண்காட்சிகளை நடத்துகிறது. ஏற்றுமதி, இறக்குமதிக்கான உரிமங்களையும் விதிகளையும் டிஜிஎஃப்டி எனப்படும் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் கவனிக்கிறது. அதற்குப் புனேயிலேயே மண்டல அலுவலகம் உண்டு.

இதில் ஜெர்மனி மட்டும் பாதி அரசு, பாதி தனியார். அங்கே இந்தப் பொறுப்பில் பெரும்பங்கு வெளிநாட்டு வணிகச் சபைகளிடம் இருக்கிறது. அவை உறுப்பினர் கட்டணத்திலும் சேவைக் கட்டணத்திலும் ஓடுகின்றன. கூடவே ஜெர்மன் பொருளாதார அமைச்சகத்தின் நிதியும் வருகிறது. 1956-ல் தொடங்கிய இந்தோ-ஜெர்மன் வணிகச் சபை அந்த வலையமைப்பைச் சேர்ந்தது. புனேயிலும் அதற்கு அலுவலகம் இருக்கு. சாக்கனில் ஃபோக்ஸ்வேகனும் மெர்சிடிஸ் பென்ஸும் ஆலை நடத்துகிற ஊரில் அது இருப்பதில் ஆச்சரியமில்லை.

இன்டர்னுக்கு அங்கே என்ன வேலை?

கோட் சூட் போட்டுக்கொண்டு ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் உட்காரும் வேலை இல்லை. பெரும்பாலும் எக்செல் ஷீட் வேலை.

ஒரு எடுத்துக்காட்டு. திருப்பூரிலிருந்து பருத்தி டி-ஷர்ட் ஏற்றுமதி செய்கிற ஒருவர், ‘உங்கள் நாட்டில் என் சரக்குக்குச் சந்தை இருக்கா?’ என்று ஓர் இந்தியத் தூதரகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பதில் தயாரிக்க முதலில் சரக்கின் எச்எஸ் குறியீடு வேண்டும். பின்னல் டி-ஷர்ட்டுக்கு அது 6109, அதிலேயே பருத்தி என்றால் 610910. இந்த ஆறு இலக்கங்கள் உலகம் முழுக்க ஒன்றுதான். இந்தியா அதை எட்டு இலக்கமாக நீட்டிப் பயன்படுத்துகிறது.

அடுத்து, அந்த நாடு 610910-ஐ யாரிடமிருந்து எவ்வளவு வாங்குகிறது, வங்கதேசத்துக்கு என்ன வரி, நமக்கு என்ன வரி, இறக்குமதியாளர்கள் யார் யார், எந்தக் கண்காட்சியில் ஸ்டால் போட்டால் அவர்களைப் பார்க்க முடியும் என்று தேட வேண்டும். இதையெல்லாம் தொகுத்து இரண்டு பக்கம் எழுதும் வேலை பல அலுவலகங்களில் இன்டர்னிடம்தான் வரும். கண்காட்சி நாட்களில் ஸ்டாலில் நிற்பது, சந்திப்புகளுக்கு நேரம் குறிப்பது, பெயர்ப்பட்டியலைச் சரிபார்ப்பது எல்லாம் கூடுதல்.

சலிப்பான வேலை மாதிரி தெரியலாம். ஆனால் ஏற்றுமதித் தொழிலின் அடிப்படையே இதுதான். இதை ஒழுங்காகக் கற்றுக்கொண்டவருக்கு வேலைச் சந்தையில் மதிப்பு உண்டு. இதற்கு வெளிநாடு போயே ஆக வேண்டுமா என்பதைப் பின்னால் பார்ப்போம்.

இந்திய மாணவருக்கு வெளிநாட்டு அரசுகள் இடம் கொடுக்குமா?

பெரும்பாலும் கொடுக்காது. காரணம் எளிது. அந்த நாடுகள் இந்தத் திட்டங்களைத் தங்கள் இளைஞர்களை வளர்ப்பதற்காக நடத்துகின்றன.

இதை பிரான்ஸ் சட்டம் போட்டே செய்கிறது. 2000 மார்ச் 14-ம் தேதி சட்டப்படி அங்கே இரண்டு திட்டங்கள் உண்டு. வி.ஐ.இ. என்பது வெளிநாட்டில் இருக்கும் பிரெஞ்சு நிறுவனங்களில் வேலை செய்வதற்கு. வி.ஐ.ஏ. என்பது தூதரகங்கள், பொருளாதார அலுவலகங்கள் போன்ற அரசு இடங்களில் வேலை செய்வதற்கு. வயது 18 முதல் 28 வரை, காலம் 6 முதல் 24 மாதங்கள். மாதாமாதம் உதவித்தொகை உண்டு. ஆனால் பிரான்ஸ் உள்ளிட்ட ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி நாட்டுக்காரர்களுக்கு மட்டுமே. இந்திய பாஸ்போர்ட்டோடு விண்ணப்பிக்க முடியாது.

பெல்ஜியத்தின் வலோனியா பகுதி அரசு ‘எக்ஸ்ப்ளோர்ட்’ என்ற திட்டத்தில் தன் மாணவர்களையும் வேலை தேடுபவர்களையும் வெளிநாடுகளுக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் மாணவர் இன்டர்ன்ஷிப்புக்கு அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம்.

அதாவது, மும்பையில் இருக்கும் ஒரு வெளிநாட்டு வர்த்தக அலுவலகத்தில் இன்டர்னாக உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் அந்த நாட்டிலிருந்து வந்த மாணவராகத்தான் இருப்பார். அவருக்கு அது ‘அப்ராட் இன்டர்ன்ஷிப்’. ஆனால் அதே அலுவலகத்தில் வர்த்தக ஆலோசகர்களாக நிரந்தரமாக வேலை பார்ப்பவர்களில் பலர் இந்தியர்கள். உள்ளூர்ச் சந்தையைத் தெரிந்தவர்கள் அவர்களுக்குத் தேவை. நமக்கு அந்த வழி படிக்கும்போது திறப்பதைவிட, சில வருட அனுபவத்துக்குப் பிறகு திறப்பதுதான் வழக்கம்.

சரி, நம்ம நாட்டுத் தூதரகங்கள்?

இந்திய வெளியுறவு அமைச்சகத்துக்கு இன்டர்ன்ஷிப் கொள்கை இருக்கு. மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம், சொந்த மாநிலத்திலிருந்து வந்து போக ஒரு முறை விமானக் கட்டணம், எல்லா மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் இடம் என்று நல்ல அம்சங்கள் கொண்டது. வயது 25-க்கு மேல் போகக் கூடாது. ஆனால் வேலை டெல்லி தலைமையகத்தில். பெர்லினிலோ டோக்கியோவிலோ இல்லை.

வெளிநாடுகளில் உள்ள சில இந்தியத் தூதரகங்கள் தங்கள் இணையதளத்தில் தனியாக அறிவிப்பு வெளியிடுவதுண்டு. அவை பெரும்பாலும் அந்த நாட்டிலேயே படித்துக்கொண்டிருக்கும் இந்திய மாணவர்களுக்குப் பொருந்தும். விசாவும் தங்குமிடமும் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் என்பதுதான் காரணம். புனேயிலிருந்து அதற்காகவே கிளம்பிப் போகிறவருக்குக் கணக்கு ஒத்துவராது.

பிரான்ஸின் வி.ஐ.ஏ. போல, சட்டம் போட்டு, மாதப்படி கொடுத்து, இளைஞர்களை வெளிநாட்டு வர்த்தக அலுவலகங்களுக்கு அனுப்பும் தேசியத் திட்டம் இந்தியாவிடம் இல்லை.

எவ்வளவு செலவாகும்?

மாணவர் விசாவில் வருபவர் தன் செலவுக்குக் காட்ட வேண்டிய தொகையாக ஜெர்மனி 2024 செப்டம்பரில் நிர்ணயித்தது வருடத்துக்கு 11,904 யூரோ. அதாவது மாதம் 992 யூரோ. ஒருவர் அங்கே சிக்கனமாக வாழ இவ்வளவு வேண்டும் என்று அந்த அரசே போட்டிருக்கும் கணக்கு இது.

கணக்கு எளிதாக இருக்க ஒரு யூரோவை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதத்துக்கு 2,976 யூரோ, கிட்டத்தட்ட 3 லட்சம் ரூபாய். விமான டிக்கெட், விசா, காப்பீடு எல்லாம் தனி. சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் என்றால் இந்த மொத்தமும் வீட்டிலிருந்துதான் வரணும். வெளியுறவு அமைச்சகம் டெல்லியில் கொடுக்கும் மதிப்பூதியம் மூன்று மாதத்துக்கு 30,000 ரூபாய். அது இந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கு.

இங்கேதான் ‘திறமைக்கு வாய்ப்பு’ என்ற பேச்சு அடிபட்டுப் போகிறது. மூன்று லட்சத்தை யோசிக்காமல் கொடுக்க முடிகிற குடும்பத்துப் பிள்ளை போவார். மற்றவர் அதைவிட நல்ல மார்க் வாங்கியிருந்தாலும் இங்கேயே இருப்பார். பிறகு வேலைக்கான நேர்காணலில் முதலாமவரின் ரெஸ்யூமே கனமாகத் தெரியும்.

சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பை மற்ற நாடுகள் எப்படிப் பார்க்கின்றன?

இந்தச் சண்டை அங்கே நடந்து முடிந்திருக்கிறது, பாதியாவது. 2015 ஆகஸ்டில் ஜெனீவாவில் ஐ.நா.வில் சம்பளமில்லாத இன்டர்னாக இருந்த 22 வயது நியூசிலாந்து இளைஞர் ஒருவர், வாடகை கட்டுப்படியாகாமல் ஏரிக்கரையில் கூடாரம் அடித்துத் தங்கியது உலகச் செய்தியானது. அவர் இன்டர்ன்ஷிப்பை விட்டு விலகினார்.

2017-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் குறைதீர்ப்பாளர், ஒன்றியத்தின் வெளிநாட்டுத் தூதுக்குழுக்களில் இருந்த நூற்றுக்கணக்கான பயிற்சியாளர்களுக்குச் சம்பளம் கொடுக்காதது நிர்வாக முறைகேடு என்று சொன்னார். வசதி குறைந்தவர்களை அது ஒதுக்குகிறது என்பதுதான் அவர் சொன்ன காரணம். அதன் பிறகு நிதி ஒதுக்கப்பட்டது. உலக சுகாதார அமைப்பு 2020-ல் இன்டர்ன்களுக்கு உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியது. வெள்ளை மாளிகையே 2022-ல்தான் முதன்முறையாகத் தன் இன்டர்ன்களுக்குச் சம்பளம் கொடுத்தது. ஐ.நா. தலைமைச் செயலகம் இன்னும் மாறவில்லை.

இந்தியாவில் இன்டர்ன்ஷிப்புக்கு இவ்வளவு கொடுக்க வேண்டும் என்று பொதுவான சட்டம் கிடையாது. 1961-ம் ஆண்டு அப்ரெண்டிஸ் சட்டம் தொழில் பழகுநர்களுக்கானது, கல்லூரி இன்டர்ன்ஷிப் அதற்குள் வராது. அரசுக்குள்ளேயே ஒரே மாதிரி இல்லை. வெளியுறவு அமைச்சகம் கொடுக்கிறது, நிதி ஆயோக்கின் இன்டர்ன்ஷிப் சம்பளமில்லாதது.

விசா விஷயத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

சம்பளம் இல்லை என்பதால் டூரிஸ்ட் விசாவில் போய்விடலாம் என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பக் கூடாது. பல நாடுகளில் சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பும் வேலை அல்லது பயிற்சி என்ற கணக்கில்தான் வரும். மாட்டிக்கொண்டால் திருப்பி அனுப்புவார்கள், அடுத்த விசாவுக்கும் சிக்கல்.

அமெரிக்காவில் இதற்கென ஜே-1 விசாவில் இன்டர்ன் பிரிவு உண்டு. படித்துக்கொண்டிருப்பவர்கள், அல்லது முடித்து 12 மாதம் ஆகாதவர்கள் அதிகபட்சம் 12 மாதம் போகலாம். ஜெர்மனியில் படிப்போடு தொடர்புள்ள இன்டர்ன்ஷிப்புக்கு அந்நாட்டு மத்திய வேலைவாய்ப்பு முகமையின் ஒப்புதல் வாங்க வேண்டும்.

ஜெர்மனியில் இன்னொரு நுணுக்கமும் இருக்கு. 2015 முதல் அங்கே குறைந்தபட்ச ஊதியச் சட்டம் உள்ளது. பாடத்திட்டத்தில் கட்டாயமாக உள்ள இன்டர்ன்ஷிப்புக்கு அது பொருந்தாது. விருப்பத்தின் பேரில் செய்யும் இன்டர்ன்ஷிப் மூன்று மாதத்தைத் தாண்டினால் பொருந்தும். கல்லூரி ‘இது கட்டாயம்’ என்று கடிதம் கொடுத்தால் ஊதிய உரிமை போய்விடக்கூடும் என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

படிப்பு முடிந்த பிறகும் சில வழிகள் இருக்கின்றன. 2023-ல் தொடங்கிய பிரிட்டனின் இளம் தொழில்முறையாளர் திட்டத்தில் 18 முதல் 30 வயதுள்ள இந்தியப் பட்டதாரிகளுக்கு வருடம் 3,000 இடங்கள் அறிவிக்கப்பட்டன. குலுக்கலுக்குக் கட்டணம் இல்லை, தேர்வானால் இரண்டு வருடம் வேலை பார்க்கலாம். பிரான்ஸோடு 2018-ல் கையெழுத்தாகி 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தில் வருடம் 500 இளைஞர்களுக்கு இடம் உண்டு. இவை இரண்டிலும் சம்பளத்தோடு வேலை பார்க்கலாம். கையைவிட்டுச் செலவழித்துப் போகும் இன்டர்ன்ஷிப்பைவிட இவற்றுக்காகக் காத்திருப்பது பலருக்கு நல்லது.

புனேயில் இருந்துகொண்டே என்ன பண்ணலாம்?

முதலில், யார் கதவைத் தட்டுவது? 1934-ல் தொடங்கிய மராட்டா வணிகச் சபை சேனாபதி பாபட் சாலையில் இருக்கிறது. ஏற்றுமதி செய்யும் சிறு, நடுத்தர நிறுவனங்கள் அதில் நிறைய. இந்தோ-ஜெர்மன் சபையின் புனே அலுவலகமும், டிஜிஎஃப்டி மண்டல அலுவலகமும் உள்ளன. இவற்றில் ‘இன்டர்ன்ஷிப் திட்டம்’ என்று பலகை தொங்கும் என எதிர்பார்க்க வேண்டாம். கல்லூரி மூலம் எழுத்துபூர்வமாகக் கேட்பதுதான் வழி. சாக்கன், பிம்ப்ரி-சிஞ்ச்வாட் பக்கம் வாகன உதிரிபாகம் ஏற்றுமதி செய்கிற ஒரு சிறு நிறுவனத்தின் ஆவணப் பிரிவில் இரண்டு மாதம் இருந்தால், எந்தத் தூதரகத்திலும் பார்க்க முடியாத ஷிப்பிங் பில்லும் மூலச் சான்றிதழும் உங்கள் கையில் வந்து போகும்.

இரண்டாவது, கிரெடிட். இளநிலை மாணவர்களுக்கான யுஜிசி வழிகாட்டுதலில் இன்டர்ன்ஷிப்புக்கு 2 முதல் 4 கிரெடிட் வரை உண்டு. ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம் வேலை. அதாவது 60 முதல் 120 மணி நேரம் போதும். இதற்கு விமானம் ஏற வேண்டும் என்று எங்கேயும் சொல்லவில்லை.

மூன்றாவது, அரசு உதவித்தொகைத் திட்டங்கள். பெயரைக் கேட்டு விண்ணப்பிக்கும் முன் தகுதியைப் படியுங்கள். 2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் மாதம் 5,000 ரூபாயோடு வந்தது. ஆனால் அப்போது வெளியான விதிப்படி, முழுநேரம் படிப்பவர்களுக்கும் எம்பிஏ முடித்தவர்களுக்கும் இடமில்லை. மகாராஷ்டிரா அரசு 2024-ல் தொடங்கிய இளைஞர் பயிற்சித் திட்டத்தில் பட்டதாரிகளுக்கு மாதம் 10,000 ரூபாய். அது மாநிலத்தில் வசிப்பிடத் தகுதி உள்ளவர்களுக்கு. தமிழ்நாட்டிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிப்பவர்களுக்குப் பொதுவாகப் பொருந்தாது.

நான்காவது, யாரும் இடம் தராவிட்டாலும் செய்யக்கூடியது. வர்த்தக அலுவலக இன்டர்ன் பயன்படுத்தும் தரவுகளில் பெரும்பகுதி பொதுவில் இருக்கு. ஐ.நா.வின் காம்ட்ரேட், ஜெனீவாவிலுள்ள சர்வதேச வர்த்தக மையத்தின் டிரேட் மேப், நம் வர்த்தக அமைச்சகத்தின் ஏற்றுமதித் தரவுகள் எல்லாம் இணையத்தில் கிடைக்கின்றன. ஒரு சரக்கை எடுங்கள். நாசிக் திராட்சை என்றால் 080610, வாகன உதிரிபாகம் என்றால் 8708. ஒரு நாட்டைத் தேர்ந்தெடுத்து, ஐந்து வருடப் போக்கு, போட்டியாளர்கள், வரி மூன்றையும் வைத்து இரண்டு பக்க அறிக்கை எழுதுங்கள். தரவோடு பிழைப்பு நடத்துகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், வேலை கொடுப்பவர் முன் ஒரு சான்றிதழைவிட அந்த இரண்டு பக்கம் நன்றாகப் பேசும்.

இதற்கு இப்போது தேவையும் கூடியிருக்கு. சுவிட்சர்லாந்து, நார்வே உள்ளிட்ட நாலு நாடுகளின் எஃப்டா அமைப்போடு இந்தியா செய்த ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிரிட்டனோடு 2025 ஜூலை 24-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. எந்தச் சரக்குக்கு எந்த வரிச்சலுகை, மூல விதி என்ன என்று படித்துச் சொல்ல ஆள் வேண்டும்.

போலி ஆஃபரை எப்படிக் கண்டுபிடிப்பது?

• பணம் கேட்டால் நில்லுங்கள். அரசு அலுவலகம் இன்டர்ன்ஷிப் கொடுக்க ‘பதிவுக் கட்டணம்’, ‘சான்றிதழ் கட்டணம்’ வாங்காது.

• மின்னஞ்சல் முகவரியைப் பாருங்கள். இந்திய அரசு அலுவலகம் என்றால் முகவரியின் முடிவு அரசுக்கு உரியதாக இருக்கும். ஜிமெயிலில் வந்தால், தூதரகத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் உள்ள எண்ணில் அழைத்துக் கேளுங்கள்.

• பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். ‘வேர்ல்டு டிரேட் சென்டர்’ என்பது எந்த அரசின் அலுவலகமும் இல்லை. ஓர் உலக சங்கத்திடம் உரிமம் வாங்கி வைக்கப்படும் பெயர் அது. புனே கராடியிலும் அந்தப் பெயரில் ஒரு வளாகம் இருக்கு.

• ‘முதலில் டூரிஸ்ட் விசாவில் வாங்க, அப்புறம் மாத்திக்கலாம்’ என்றால் போகவே போகாதீர்கள். நல்ல வேலை என்று நம்பி தாய்லாந்து போய், அங்கிருந்து மியான்மர் மோசடி மையங்களுக்குக் கடத்தப்பட்ட 540-க்கும் மேற்பட்ட இந்தியர்களை 2025 மார்ச்சில் அரசு விமானங்களில் மீட்டு வர வேண்டியிருந்தது.

விண்ணப்பிக்கும் முன் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டிய கேள்விகள்

என் பாஸ்போர்ட்டுக்கு இந்த இடம் கிடைக்குமா? எந்த விசா, யார் வாங்கித் தருவார்கள்? மாதம் எவ்வளவு கொடுப்பார்கள், எவ்வளவு செலவாகும், இடைவெளியை யார் நிரப்புவது? அங்கே என் மேலதிகாரி யார், நான் செய்யப்போகும் வேலை என்ன என்று எழுத்தில் இருக்கா? இதே வேலையைப் புனேயிலோ மும்பையிலோ சென்னையிலோ கற்றுக்கொள்ள முடியாதா?

கடைசிக் கேள்விக்குப் பதில் ‘முடியும்’ என்று வந்தால், அந்த மூன்று லட்சம் வீட்டிலேயே இருக்கட்டும். இங்கே கிடைப்பதை வைத்துக் குறைந்த தகுதி என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. பிரெஞ்சு மாணவர் மாதப்படி வாங்கிக்கொண்டு மும்பைக்கு வருகிறார் என்றால், அதற்கான செலவை அவர் நாடு ஏற்றுக்கொண்டிருக்கிறது. நம் மாணவர் கடன் வாங்கிப் போகிறார் என்றால், அந்தச் செலவு அவருடைய அப்பா அம்மா தலையில் விழுந்திருக்கிறது.